ரிங் 2: பார்க்கலாமா, முதல் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

கேள்வி: 2024 ஜூன் 8, சனி, மாலை 6.10

நேற்றுதான் ‘ரிங்’ பார்த்தேன். ஹாலிவுட் படம் இல்லை, 1998இல் வந்த ஜப்பான் படம். டிவிக்குள்ளிருந்து அந்தப் பேய், சதாகோ, வெளியே வரும் இடத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு, விடிந்த பிறகுதான் மிச்சத்தைப் பார்த்தேன். இப்போது ‘ரிங் 2’ பார்க்கலாமா? முதல் படத்தின் கால்தூசிக்குப் பெறாது என்கிறான் நண்பன். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு 11.20

நண்பர் சொல்வது சரி. விட்டுவிடுங்கள்.

முதல் படத்தைத் தாங்கி நிற்பது அந்த விதி. சாபம் பிடித்த அந்த வீடியோ கேசட்டைப் பார்த்தால் ஏழு நாளில் சாவு. பிழைக்க வேண்டுமானால் ஒரு பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். திரையில் தேதியும் கிழமையும் எழுத்தில் வரும் ஒவ்வொரு தடவையும் நமக்கே ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும். கேசட்டைப் பார்த்துவிட்ட கதாநாயகி ரெய்கோ கிணற்றுக்குள் இறங்கி, வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு, கடைசியில் சதாகோவின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். கெடு தாண்டியும் சாகவில்லை. பேய்ப்படம் பார்த்துப் பழகிய எவருக்கும் படம் அங்கே முடிந்துவிட்டது. எலும்புக்கு ஈமக்கடன், ஆவிக்குச் சாந்தி. மறுநாள் அவளுடைய முன்னாள் கணவன் ரியூஜி வீட்டில் டிவி தானாக ஓடுகிறது. சதாகோ யாரிடமும் சாந்தி கேட்கவே இல்லை என்று அப்போதுதான் நமக்கு உறைக்கும்.

இரண்டாம் பாகத்தில் இந்தக் கணக்கே இல்லை. நீச்சல் குளம், ஒயர்கள், கருவிகள், வெள்ளைக் கோட்டு டாக்டர் என்று எங்கோ போய்விடும். நான் பார்த்து இருபது வருடம் இருக்கும். அந்த நிருபர் ஒகாசாகி கடைசியில் செத்துப்போவான் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு, காலை 7.45

நேற்று ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். எந்த இரண்டாம் பாகம் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். இந்தப் படத்துக்கு இரண்டாம் பாகங்கள் இரண்டு.

கோஜி சுசுகி ‘ரிங்’ நாவலை 1991இலும், அதன் தொடர்ச்சியான ‘ரசென்’ நாவலை 1995இலும் எழுதினார். ரசென் என்றால் சுருள். இரண்டையும் படமாக்கி, 1998 ஜனவரி 31 அன்று ஒரே டிக்கெட்டில் இரண்டையும் சேர்த்தே திரையிட்டார்கள். ‘ரிங்’ ஹிதேயோ நகாதா இயக்கியது, ‘ரசென்’ ஜோஜி ஈதா இயக்கியது. கதை தெரியாமல் உள்ளே போனவர்கள் முதல் படத்தில் உறைந்துபோய் உட்கார்ந்திருக்க, அடுத்த படம் வைரஸ், மரபணு, பிரேதப் பரிசோதனை என்று பாடம் எடுத்திருக்கிறது. ஜனம் முதலாவதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, இரண்டாவதைக் கைவிட்டது. உடனே, ‘ரசென்’ என்று ஒரு படம் வரவே இல்லை என்பது போல, முதல் படத்தின் முடிவிலிருந்தே புதுக் கதை ஒன்றைத் தொடங்கினார்கள். நகாதாதான் மறுபடியும் இயக்கம். முதல் படத்துக்கு எழுதிய ஹிரோஷி தகாஹாஷியே திரைக்கதை. அதுதான் ‘ரிங் 2’, 1999 ஜனவரி 23 அன்று வந்தது. ஆகவே அது எந்த நாவலையும் பின்பற்றிய படம் அல்ல.

ஜூன் 9, இரவு 9.30

2000இல் வந்த ‘ரிங் 0’ பற்றிக் கேட்டவருக்கு: அது முன்கதை. இயக்கம் நோரியோ ட்சுருதா. சதாகோ ஒரு நாடகக் குழுவில் சேர்ந்திருந்த காலம். அது வேறு வகைப் படம், இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஜூன் 10, திங்கள், இரவு 10.50

வேலை முடிந்து வரும்போது பேருந்தில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இப்போது பார்ப்பவர்களுக்கு அந்தக் கேசட் ஒரு பழம்பொருள். எங்களுக்கு அப்படி இல்லை.

எங்கள் தெருவில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் டெக் வாடகைக்கு எடுப்பார்கள். கலர் டிவி, டெக், மூன்று கேசட், ஒரு ராத்திரி. மூன்றாவது படம் முடியும்போது முக்கால்வாசிப் பேர் பாயில் தூங்கியிருப்போம். கேசட் தீர்ந்து, திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இரைந்துகொண்டிருக்கும். எழுந்துபோய் அணைக்க யாரும் இருக்க மாட்டார்கள். ‘ரிங்’ படத்தில் அந்த இரைச்சல் வந்ததும் எனக்கு முதுகு சில்லிட்டது. சதாகோ வருவதற்கு வெகுநேரம் முன்பே.

இன்னொன்று பிரதி எடுப்பது. அக்கா கல்யாண கேசட்டை வெளியூர் உறவுகளுக்குக் கொடுக்க, இரண்டு டெக்குகளை ஒயரால் இணைத்துப் பதிவு செய்தோம். பிரதிக்குப் பிரதி, அதற்கும் ஒரு பிரதி. பெரியம்மா வீட்டுக்குப் போனதில் அக்காவின் முகம் கரைந்து, பொட்டும் மாலையும் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கேசட்டைப் பார்த்தவர்களைப் புகைப்படம் எடுத்தால் முகம் கலங்கித் தெரியும் என்று படத்தில் வரும் இல்லையா? அதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கல்யாணக் கேசட்தான் நினைவுக்கு வந்தது. பிரதி எடுக்க எடுக்க எதுவும் தேயும். சதாகோவின் சாபம் மட்டும் தேயாது. சுசுகி இந்தக் கதையை எழுதியது ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கருவி இருந்த காலத்தில். நம் வீட்டில், நம் கையாலேயே நடக்கும் ஒரு செயலைச் சாபம் ஆக்கினார்.

ஜூன் 13, வியாழன், நள்ளிரவு 12.40

‘ரிங் 2’ஐ மறுபடியும் போட்டுப் பார்த்தேன், பாதி வரை. இனி கதையை உடைத்துத்தான் பேசப்போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடக்கமே என்னை உலுக்கிவிட்டது. கிணற்றிலிருந்து எடுத்த எலும்பைப் போலீஸ் ஆராய்கிறது. அவள் விழுந்ததும் சாகவில்லை, முப்பது வருடம் அந்தக் கிணற்றுக்குள் உயிரோடு இருந்திருக்கிறாள் என்கிறார்கள். மண்டையோட்டின் மேல் களிமண் அப்பி முகம் செய்கிறார்கள். முதல் படத்தில் முடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த முகத்துக்கு இங்கே ஒரு மண்முகம். உயிரில்லாத, வழுவழுப்பான, யாருடையதும் அல்லாத முகம். இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

முதல் படத்தில் கொஞ்ச நேரமே வந்துபோன மசாமியை இதில் முழுசாகக் கொண்டுவருகிறார்கள். முதல் சாவு நடந்தபோது அதே வீட்டில் இருந்த பெண். இப்போது மனநல மருத்துவமனையில் இருக்கிறாள், டிவி இருக்கும் பக்கமே போக முடியாது. அவளை நடத்திக் கூட்டிப்போகும்போது ஒரு டிவியைத் தாண்டிப் போக வேண்டும். அந்தக் காட்சி முதல் படத்தில் வந்திருந்தாலும் குறை சொல்ல முடியாது.

பிறகு டாக்டர் கவாஜிரி வருகிறார். கெட்ட சக்தியை வெற்றுக் கேசட்டில் இறக்கலாம், தண்ணீரில் கரைக்கலாம் என்று விளக்குகிறார். இங்கேதான் எனக்குப் பழைய கோபம் திரும்பியது. ஒரு பயத்துக்கு விளக்கம் சொல்லிவிட்டால் அது பாடமாகிவிடும். பாடத்துக்கு யார் பயப்படுவார்கள்?

தூக்கம் வருகிறது. மிச்சம் பிறகு.

ஜூன் 13, காலை 8.05

இரவு எழுதியதில் ஒரு நியாயக்கேடு இருக்கிறது. முதல் படத்திலும் விளக்கம் உண்டே. ஓஷிமா தீவு, மிஹாரா எரிமலை, எரிமலை வெடிப்பை முன்கூட்டியே சொன்ன தாய் ஷிசுகோ, பேராசிரியர், பத்திரிகைக்காரர்கள் முன்னால் நடந்த சோதனை என்று பாதிப் படம் விசாரணைதான். அது ஏன் உறுத்தவில்லை? அங்கே விளக்கம் எவ்வளவு கூடினாலும் யாரையும் காப்பாற்றாது. ரியூஜிக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் செத்தான். இரண்டாம் பாகத்தில் விளக்கமே மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. வித்தியாசம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூன் 13, இரவு 9.15

ஷிசுகோ நிஜப் பெண்ணா என்று கேட்டவருக்கு: கதாபாத்திரம் கற்பனை, ஆனால் வேர் நிஜம். 1886இல் பிறந்த சிசுகோ மிஃபுனே, குமமோட்டோ பகுதிப் பெண். மூடிய பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க முடியும் என்று பெயர் எடுத்தவர். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்த தொமொகிச்சி ஃபுகுராய் அவரைச் சோதித்தார். 1910இல் டோக்கியோவில் அறிஞர்கள் முன்னால் நடந்த சோதனைக்குப் பிறகு மோசடி என்று பேச்சு கிளம்பியது. 1911 ஜனவரியில் விஷம் குடித்து இறந்தார். வயது 24. ஃபுகுராய் சோதித்த இன்னொரு பெண்ணின் பெயர் சதாகோ தகாஹாஷி. 1913இல் அவர் எழுதிய நூலில் அந்தப் பெண்ணும் வருகிறார். பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சோதனைக் காட்சியை என்னால் பேய்ப்படமாகப் பார்க்க முடியவில்லை. ஒரு பெண்ணை நடுவில் உட்காரவைத்து, கூட்டமாக நின்று “பொய்காரி” என்று கத்துகிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு, மாலை 5.30

முழுதும் பார்த்துவிட்டேன். 8ஆம் தேதி எழுதியதை இப்போது எழுதச் சொன்னால் எழுத மாட்டேன்.

முதல் படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மகன் யோயிச்சி கேசட்டைப் பார்த்துவிட்டான். ரெய்கோ காரில் டெக்கை வைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் போன் செய்து, யோயிச்சிக்காக ஒரு உதவி வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போகிறாள். படம் முடிகிறது. பேரனுக்காகத் தாத்தா. என் கணிப்பில் உலகத்துப் பேய்ப்படங்களிலேயே இரக்கமற்ற முடிவு இதுதான். ஒரு கொலையைத் தாயின் அன்பாக நம்மிடம் காட்டிவிட்டு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். தாத்தாவும் இன்னொருவருக்குக் காட்டிப் பிழைத்துக்கொள்வார் என்று நாம்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறோம்.

இரண்டாம் பாகம் முதல் வேலையாக அந்தத் தேறுதலைப் பிடுங்கிவிடுகிறது. தாத்தா செத்துவிட்டார். குளியல் தொட்டியில் எரிந்த கேசட் கிடக்கிறது. யோயிச்சி வாய் பேசாமல் ஆகிவிட்டான். அப்பா, தாத்தா போனார்கள், பிறகு நம் கண் முன்னால் அம்மாவும் லாரியில் அடிபட்டுச் சாகிறாள். தன் உயிருக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்று தெரிந்த பையன் அவன். சதாகோ அவன் உடம்பில் மெல்ல ஏறுவது அந்தக் கோபத்தின் வழியாகத்தான்.

பயத்தில் முதல் படத்தை இது நெருங்கவில்லை, அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் முதல் படம் செய்ததற்குப் பொறுப்பு ஏற்கிற படம் இது. நான் இருபது வருடம் முன்பு பார்த்தபோது எனக்குப் பயம் மட்டுமே வேண்டியிருந்தது.

ஜூன் 16, இரவு 10.00

நீச்சல் குளக் காட்சி இன்னமும் பிடிக்கவில்லை. தண்ணீருக்கு நடுவில் பையனை உட்காரவைத்துக் கருவிகளைப் பொருத்துவது, சவப்பெட்டி மேலே மிதந்து வருவது, ஒருவர் பின் ஒருவராகப் பெரியவர்கள் குளத்தில் விழுந்து சாவது, எல்லாம் சேர்ந்து இரைச்சல். ஆனால் தொடர்ந்து வரும் கிணற்றுக் காட்சி வேறு தரம். ரியூஜியின் மாணவி தகானோவும் யோயிச்சியும் கிணற்றின் அடியில். ரியூஜி ஆவியாக வந்து மகனின் பயத்தைத் தான் வாங்கிக்கொண்டு கயிறு தருகிறான். ஏறும்போது பின்னாலேயே சதாகோ சுவரைப் பிடித்து ஏறி வருகிறாள், அந்த மண்முகத்தோடு. எட்டியதும் அவள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: “நீ மட்டும் ஏன் தப்பித்தாய்?”

முப்பது வருடம் அதே சுவரைப் பிடித்து ஏறிப் பார்த்தவள். கயிறு போட யாரும் வரவில்லை. முதல் படத்தில் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதனால்தான் அவ்வளவு பயம். இங்கே பேசிவிடுகிறாள். பேய் போய் ஒரு பெண் வந்துவிடுகிறாள். பயம் குறைந்தது உண்மை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்பதும் உண்மை.

ஜூன் 19, புதன், இரவு 11.10

பேச்சு எங்கெங்கோ போகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். கேசட்டில் ஒரு பெண் கண்ணாடி முன்னால் தலைவாரிக்கொண்டிருப்பாள், நினைவிருக்கிறதா? இரண்டாம் பாகத்தில் ஓஷிமா விடுதியில் அதே உருவம் திரும்ப வருகிறது. தலைவாருவதில் என்ன பயம் என்று நமக்குத் தோன்றும். ஜப்பானியர்களுக்கு அது இருநூறு வருடப் பழசு. 1825இல் மேடையேறிய யொத்சுயா பேய்க்கதை கபுகி நாடகத்தில், விஷம் கொடுக்கப்பட்ட ஓய்வா என்ற பெண் கண்ணாடி முன் உட்கார்ந்து தலைவாருவாள். சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வரும், முகம் சிதைந்திருக்கும். கிணறு ஒகிகு கதையிலிருந்து வந்தது. தட்டு ஒன்று குறைகிறது என்று பழிசுமத்தப்பட்ட வேலைக்காரப் பெண். கிணற்றுக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணும் குரல் கேட்கும். ஹிமேஜி கோட்டையில் அவள் பெயரில் இன்றும் ஒரு கிணறு இருக்கிறது.

சதாகோவின் அந்த நடையையும் சொல்ல வேண்டும். நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். முன்னே வருகிற கால்கள் பின்னே போகிற கால்கள்தான். கிராபிக்ஸ் இல்லாத ஒரு யோசனை.

ஜூன் 22, சனி, மாலை 4.20

‘ரசென்’ பார்த்தேன். திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன். மகனைக் கடலில் பறிகொடுத்துத் தற்கொலை வரை போன டாக்டர் ஆந்தோ, தன் பழைய வகுப்புத் தோழன் ரியூஜியின் உடலையே பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டி வருகிறது. நல்ல தொடக்கம். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கிறார்கள். சதாகோ இதில் அழகான இளம்பெண்ணாக வந்து பேசுகிறாள். கடைசியில் ஆந்தோ உலகத்தைக் காட்டிக்கொடுத்து மகனைத் திரும்பப் பெறுகிறான். யோசித்தால் ரெய்கோ எடுத்த அதே முடிவு, இன்னும் பெரிய விலையில். எண்ணம் வலுவானது. படமாக எனக்கு உயிரில்லாமல் இருந்தது. நாவலைப் படிப்பது மேல். நாவலில் ரெய்கோவின் இடத்தில் வரும் அசகாவா ஓர் ஆண் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். படத்துக்காகத்தான் அவரைப் பெண்ணாக, ரியூஜியை விவாகரத்தான கணவனாக மாற்றினார்கள். அந்த மாற்றம் இல்லாமல் யோயிச்சி இல்லை, யோயிச்சி இல்லாமல் ‘ரிங் 2’ இல்லை.

ஜூன் 23, ஞாயிறு, அதிகாலை 1.30

தூக்கம் வரவில்லை. ஒகாசாகி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

கனாயே என்ற பள்ளி மாணவி அவனுக்காகக் கேசட்டைத் தேடிக் கொடுக்கிறாள். தானும் பார்த்துவிட்டேன், நீங்கள் பார்த்தால்தான் நான் பிழைப்பேன் என்கிறாள். பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். பிறகு கேசட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான். ஏழாம் நாள் அவள் செத்துப்போகிறாள். அவன் கெட்டவன் இல்லை. பயந்தான், அவ்வளவுதான்.

கல்லூரியில் ஒரு நண்பன் தான் பாடிப் பதிவு செய்த கேசட் ஒன்றை என்னிடம் கொடுத்தான். கேட்டுவிட்டுச் சொல்லு, வேறு யாரிடமும் கொடுக்கவில்லை என்றான். கேட்கிறேன் என்றேன். பரீட்சை, வேலை தேடல், அது இது. நான்கு வருடம் கழித்து அவன் விபத்தில் இறந்த செய்தி வந்தபோது அந்தக் கேசட் என் அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது. இப்போது வீட்டில் அதை ஓட்டக் கருவியும் இல்லை. ஒகாசாகி இழுப்பறையைப் பூட்டும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து வாசலில் போய் நின்றேன்.

ஜூன் 23, காலை 10.15

ஒரு திருத்தம், முக்கியமானது. 8ஆம் தேதி ஒகாசாகி செத்துப்போவான் என்று எழுதியிருந்தேன். தவறு. அவன் சாகவில்லை.

கனாயே இறந்த பிறகு, அவளைப் பேட்டி எடுத்த ஒளிப்பதிவை அழிக்கப் பார்க்கிறான். அழியவில்லை. அவள் திரையிலிருந்து போக மறுக்கிறாள். கடைசியில் அவனும் மனநல மருத்துவமனையில் இருக்கிறான். நர்ஸ் ஒருத்தி அவனைப் புகைப்படம் எடுக்கிறாள். அவனுக்குப் பின்னால் கனாயே நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இதை எப்படிச் சாவு என்று நினைவில் மாற்றிவைத்தேனோ. செத்துவிட்டான் என்றால் கணக்கு தீர்ந்தது, நிம்மதி. அதனால்தான் மாற்றிவைத்திருப்பேன். முதல் படத்தில் பிரதி எடுத்துக் காட்டினால் பிழைக்கலாம். இரண்டாம் பாகத்தில் வாங்கிக்கொண்டு பார்க்காதவனுக்கு எந்த வழியும் இல்லை, அழிக்கவும் முடியாது. கேசட்டைப் பற்றி இரண்டு படங்களும் சேர்ந்துதான் முழுசாகச் சொல்கின்றன.

ஜூலை 7, ஞாயிறு, இரவு 8.40

முதலில் கேட்டவருக்கு. பாருங்கள். முதல் படத்தைப் பார்த்த சூட்டோடு போட வேண்டாம், அந்தப் பயத்தையே தேடி ஏமாறுவீர்கள். ஒரு மாதம் போகட்டும். ராத்திரி பார்க்க முடியாது என்றால் பகலிலேயே பாருங்கள், குறை ஒன்றுமில்லை. குளக் காட்சியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், கிணறு வரும். நகாதாவே 2005இல் ஹாலிவுட்டுக்காக எடுத்த இரண்டாம் பாகம் இதன் மறுஆக்கம் இல்லை, தனிக் கதை. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழைய ஆடியோ கேசட்டை மாற்றித்தரும் கடை ஒன்றை விசாரித்து வைத்திருக்கிறேன். நாடா ஒட்டிக்கொள்ளாமல் இருந்தால் கேட்கும் என்றார் கடைக்காரர். வரும் சனிக்கிழமை கொண்டுபோகிறேன்.